சர்வேயருக்குச் செய்த கார்

போன மாதம் இரண்டு இளம் பொறியாளர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கால் இயங்காதவர்கள் கார் ஓட்டுவதற்கான கருவிகளைச் செய்கிற பெரிய கம்பெனியில் வேலை. ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து உள்ளிருந்த கைப்பிடிகளையும் கம்பிகளையும் என் மேஜைமேல் பரப்பினார்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாமாம். கிளட்ச் என்கிற தொல்லையே கிடையாதாம். ஒவ்வொன்றாக எடுத்து அசைத்துப் பார்த்தேன். நல்ல வேலை. மூட்டுகளில் துளி ஆட்டம் இல்லை.

அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "உங்க பட்டறையில அப்போ வண்டியை டெஸ்ட் பண்ண என்ன ஏற்பாடு வெச்சிருந்தீங்க மேடம்?"

"நான்தாம்மா அந்த ஏற்பாடு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும், எழுதித் தரச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் மங்கை. இன்று மயிலாடுதுறை என்று சொல்கிற ஊரை அன்று மாயவரம் என்போம். அங்கே ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தேன். அப்பா தண்டவாளம் சரிபார்க்கும் கேங்மேன். இரண்டு வயதில் வந்த போலியோவில் என் வலது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு நடப்பேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்று, வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் என் சான்றிதழைப் பார்ப்பதற்குமுன் என் காலைப் பார்த்தார்கள்.

காதர் பாய் ஒருவர்தான் கேட்டார்: "எந்தக் கால்?"

"வலது கால் பாய்."

"சுத்தமா பலம் இல்லையா?"

"இல்லை."

"அவசரத்துல டக்குன்னு மிதிக்கணும்னா கூட மிதிக்க முடியாதா?"

"முடியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் திகைத்துப் போனேன். என் கால் இயங்காததற்கு இறைவனுக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் அவர்.

அப்புறம்தான் காரணம் சொன்னார். பாய் இருபது வருடம் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். அவருடைய அண்ணன் கூத்தாநல்லூரில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்காக ஒரு பழைய காரில் கையால் பிரேக் போடுகிற மாதிரி கம்பி கோத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவரைப் பார்த்து வேறொருவர். கடைசியில் பஸ் வேலையை விட்டுவிட்டு, திருவாரூர் சாலையில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் இதையே தொழிலாக ஆரம்பித்தார். ஒரு ஃபிட்டர், ஒரு வெல்டர், பாய். அவ்வளவுதான் பட்டறை.

"என் ஃபிட்டர் ஓட்டிப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னுவான். ஆனா அவனுக்கே தெரியாம ஆபத்துல கால் போயி பெடலை மிதிச்சிடும். கால் இருக்கிறவன் ஓட்டிப் பாத்தா வண்டி பொய் சொல்லும்மா. பொய் சொல்லாத ஆள் ஒருத்தர் எனக்கு வேணும்."

என் இடது கால் நல்ல கால். அதையும் ஒரு துண்டால் இருக்கைக்குக் கீழே கட்டிவிடுவார். அப்படித்தான் நான் கார் ஓட்டக் கற்றேன். முதல் ஆறு மாதம் ரயில்வே மைதானத்தில். அடுத்த ஆறு மாதம் காவிரிக் கரைச் சாலையில். கற்ற கதையை நீட்ட வேண்டாம். இரண்டு முறை வேலியில் ஏற்றினேன், ஒரு முறை வைக்கோல் வண்டியில் மோதினேன். அதோடு சரி.

பாயின் முறையைச் சொல்ல வேண்டும். பட்டறை நடுவில் ஒரு மரச்சட்டம் இருந்தது. அதில் கார் சீட் ஒன்று, ஒரு ஸ்டீயரிங், நாலைந்து மூங்கில் கம்புகள். வருகிறவரை அதில் உட்காரவைப்போம். கம்புகளின் முனையில் காய்கறிக் கடையில் தொங்குமே, அந்த ஸ்பிரிங் தராசை மாட்டியிருப்போம். "தள்ளுங்க" என்பார் பாய். எவ்வளவு கிலோ தள்ளுகிறார் என்று நான் படித்துச் சொல்வேன். ஒரு முறை இல்லை, ஐம்பது முறை தள்ளச் சொல்வார். முதல் தள்ளலுக்கும் ஐம்பதாவது தள்ளலுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருக்கு முக்கியம். "சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது இருக்கிற பலம்தான் பலம்" என்பார். அந்த ஐம்பதாவது எண்ணைத் தரையில் சாக்பீஸால் எழுதுவார். அதற்கு ஏற்றபடிதான் நெம்புகோலின் நீளத்தை வெட்டுவோம்.

யாரிடமும் எப்படிக் கால் போனது என்று கேட்கமாட்டார். "காலையில எழுந்ததும் நீங்களே என்னென்ன செஞ்சுக்குவீங்க?" என்று மட்டும் கேட்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வேலை சரியில்லை என்றால் குரலை உயர்த்தாமல் "கழட்டு" என்பார். மூன்று நாள் உழைத்து மாட்டியதை அந்த ஒரு சொல்லுக்காகக் கழற்ற வேண்டும். அவர் திட்டினாலே தேவலை என்று வெல்டர் முனகுவார்.

நான் சேர்ந்து நாலாவது வருடம், மாசி மாதத்தில், சவுரிராஜன் சாரை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

அவர் நன்னிலம் பக்கத்தில் வேலை பார்த்த அரசாங்க சர்வேயர். அது எப்படிப்பட்ட காலம் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. உச்சவரம்புக்கு மேல் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. மேடைகளில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. வயலில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. சமையல்காரர் பெயரில், மாட்டுக்காரர் பெயரில், பிறக்காத பேரன் பெயரில் எல்லாம் பெரிய நிலக்காரர்கள் நிலத்தை எழுதி வைத்திருந்தார்கள். அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு. ஒரு தெருவில் சிவப்புக் கொடி, எதிர்த் தெருவில் போலீஸ் வேன். இந்த நடுவில், உபரி நிலம் எது என்று அளந்து கல் நட்டு எழுதிக் கொடுக்க வேண்டியது சர்வேயர் வேலை. அவர் எழுதினால்தான் உழுகிறவர்களுக்குப் பட்டா.

ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊரில் பெரிய மிராசுதார் ஒருவருடைய நிலத்தைச் சார் அளந்துகொண்டிருந்தார். பட்டப்பகலில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து அடித்தார்கள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. தடுக்க நீட்டிய இடது கையில் அரிவாள் பட்டு நடுவிரல்கள் மூன்றும் போயின. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. கேஸ் நடந்தது. வயலில் அன்று நாற்பது பேர் இருந்தும், யார் அடித்தது என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. சொன்னால் அடுத்த நாள் வேலை கிடையாது, குடியிருக்கும் மனைக்கட்டும் கிடையாது.

மரச்சட்டத்தில் அவரை உட்காரவைத்தோம். பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க சார்?"

"அந்த ஊர்ல பதினோரு சர்வே நம்பர் பாக்கி இருக்கு. அதைப் பத்தி நெனைப்பேன்."

பாய் தராசை எடுத்துக் கம்பில் மாட்டினார்.

"ஆபீஸ்ல உக்காந்து ரெக்கார்டு பாக்கச் சொல்றாங்க" என்றார் சார். "பாவம்னு சொல்றாங்க. நான் உக்காந்துட்டா அந்தப் பதினோரு நம்பரை வேற ஒருத்தரை வெச்சு அளப்பாங்க. என்ன எழுதுவார்னு இப்பவே எனக்குத் தெரியும். என் லீவு சித்திரையோட முடியுது. நானே வெளிவேலை பாப்பேன்னு நிரூபிச்சாத்தான் என் கையில அது இருக்கும். மேட்டூர் தெறந்து தண்ணி வந்துட்டா வயல்ல இறங்க முடியாது. அதுக்குள்ள முடிக்கணும்."

காரைக்காலில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த சின்னக் காரை சாரின் மனைவி விசாரித்து வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதுவரை எங்களிடம் வந்தவர்களுக்கு எல்லாம் இரண்டு கையும் நல்ல கை. இவருக்கு ஒன்றரைக் கை. வலது கை, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு விரல் உள்ள இடது கை ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும், கியரும் போட வேண்டும். அப்படியானால் கிளட்சை எது அழுத்துவது?

பாய் மூன்று நாள் மரச்சட்டத்தில் கம்புகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். நாலாவது நாள் லாரி உடைக்கும் இடத்திலிருந்து ஒரு வாக்குவம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாரி பிரேக்குக்கு உதவியாக இருக்கிற, தட்டையான இரும்பு டப்பா. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற பலத்தை ஒரு குழாய் வழியாக இதற்குக் கொடுத்தால், டப்பா கிளட்சை இழுத்துக்கொள்ளும். கியர் தண்டின் தலையில் ஒரு ஸ்விட்ச். உள்ளங்கை அதன்மேல் பட்டால் கிளட்ச் விலகும், எடுத்தால் சேரும். விரலே தேவையில்லை.

ஸ்டீயரிங்குக்கு வேறு வழி. சாதாரண உருண்டைக் குமிழை அவர் கையால் பிடிக்க முடியவில்லை, நழுவியது. நான்தான் சுவாமிமலையைச் சொன்னேன். பஸ் பிடித்துப் போய், மெழுகில் உரு செய்து வெண்கலத்தில் வார்க்கும் ஒரு பட்டறையில் கேட்டேன்.

"எந்தச் சாமியோட கை?" என்றார் அங்கிருந்த ஸ்தபதி.

"சாமி இல்லீங்க. சர்வேயர்."

அவர் சிரிக்கவில்லை. கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு, குங்கிலியம் கலந்த மெழுகைப் பிசைந்து இலையில் சுற்றிக் கொடுத்தார். "கையில எண்ணெய் தடவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. அழுத்திப் பிடிக்கக் கூடாது. எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும்" என்றார். சார் அந்த மெழுகைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெருவிரலுக்கு ஒரு பள்ளம், சுண்டுவிரலுக்கு ஒரு பள்ளம், நடுவில் தழும்பு படிய ஒரு மேடு. வெண்கலத்தில் வந்தபோது பளபளவென்று அழகாக இருந்தது. வியர்வையில் வழுக்கியது. பாய் அரத்தை எடுத்து அந்த மெருகை எல்லாம் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாருக்குக் கை நின்றது.

பங்குனி முதல் வாரத்தில் நான் வண்டியை எடுத்தேன். இடது காலைக் கட்டிக்கொண்டு, நடுவிரல்கள் மூன்றையும் மடக்கித் துணி சுற்றிக்கொண்டு ஓட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். முதல் கியரில், உள்ளங்கையை ஸ்விட்சில் வைத்தபடி, வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. வெயில். எஞ்சின் சூட்டில் ரப்பர் குழாய் இளகி, டப்பாவிலிருந்து கழன்றுவிட்டது. கிளட்ச் தானாகச் சேர்ந்தது. வண்டி முன்னால் பாய்ந்தது.

வலது கையால் பிரேக் தண்டை என் உடம்பின் எடை முழுவதையும் போட்டுத் தள்ளினேன். எஞ்சின் நின்றது. பம்பர் கேட்டின் கம்பத்தில் முட்டி நின்றிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் குழாயைக் காலையில் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னவள் நான். பட்டறைக்குத் திரும்பிப் பாயிடம் அதைச் சொன்னேன். மறைக்க நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் நான் மறைத்தால், அடுத்தது சார் அந்த சீட்டில் இருப்பார்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். "கழட்டு" என்றார்.

எல்லாவற்றையும் கழற்றினோம். ரப்பருக்குப் பதில் செம்புக் குழாய். எஞ்சின் நின்றாலும் உறிஞ்சும் பலம் சேமித்து வைக்கப்பட்டிருக்க ஒரு சிறு தொட்டி. கிளட்ச் படாரென்று சேராமல் மெல்லச் சேர, காற்று உள்ளே போகிற வழியில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளையின் அளவை யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியவில்லை. பாய் ஒரு அளவில் துளைப்பார். நான் ஓட்டிவிட்டு வந்து "குதிக்குது" என்பேன். அடைத்துவிட்டு வேறு அளவில் துளைப்பார். ஒன்பது நாள் இதே வேலை. பத்தாவது நாள், மடியில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். சிந்தவில்லை.

அப்போதுதான் லைசென்ஸ் சிக்கல் வந்தது. சாருக்குப் பழகுநர் உரிமம் வாங்கவும் வண்டியைக் காட்டவும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர் கறாரான மனிதர். கீழே படுத்து ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மாயவரத்துலேர்ந்து இதை ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?"

பாய் வாயைத் திறப்பதற்குள் "நான்தாங்க" என்றேன்.

"லைசென்ஸ்?"

"இல்லீங்க."

நாலு வருடமாக நான் உரிமம் இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் ஒரு முறை விண்ணப்பித்தபோது, டாக்டர் என் காலைப் பார்த்துத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். அதற்குப்பின் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் சாவியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

"லைசென்ஸ் உள்ள ஆள் வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

பாயின் முகம் வாடிவிட்டது. "என் தப்பு சார். நான்தான் யோசிக்கல" என்றார்.

சக்கர நாற்காலியில் இருந்த சவுரிராஜன் சார் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "கால் சரியில்லாதவங்க ஓட்டக் கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்குங்களா?"

"இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "அவங்களுக்குன்னு செஞ்ச வண்டின்னா ஓட்டலாம். ஆனா ஓட்டத் தெரியணும்."

"அப்ப ஒரு பேப்பர் குடுங்க."

அங்கேயே, மடியில் பைலை வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு மனு எழுதினார். என்ன விதி, என்ன பிரிவு என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். என் மனுவில் 'வலது கால் பயன்படாது. இந்த வண்டிக்கு வலது கால் தேவையும் படாது' என்று எழுதினார். டாக்டரிடமும் அந்த மனுவை வைத்துத்தான் சான்று வாங்கினேன். ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே நாளில் எட்டுப் போட்டுக் காட்டினோம். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாமல் கிளப்பச் சொன்னார் இன்ஸ்பெக்டர். முதலில் சார், பிறகு நான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "பாய், அடுத்த வண்டியை முறையா கொண்டுவாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

சித்திரைக் கடைசியில் சார் வேலையில் சேர்ந்தார். வண்டியைக் கொடுத்தபின் முதல் வாரம் ஓட்டுபவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து போக வேண்டும் என்பது பட்டறை விதி. கையை மடியில்தான் வைத்திருக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது.

அந்த ஊர் எல்லையில் திரும்பியதும் சார் வண்டியை நிறுத்தினார். மேட்டூர் அடைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. ஆனால் வயலுக்குப் போகிற வண்டிப் பாதை மட்டும் முழங்கால் சேறாக இருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

"பம்புசெட்டு பைப்பு உடைஞ்சிடுச்சுங்க சார். காரு போவாது. பாதை இல்லைன்னு எழுதிக்கிட்டுத் திரும்பிடுங்க. உடம்பு முடியாத நேரத்துல உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

எதிர்ப்பக்கம் உழுகிறவர்கள் தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் அஞ்சலை என்கிற நடுத்தர வயதுப் பெண். "சார், எறங்குங்க. நாற்காலியோட நாங்க தூக்கிக்கிட்டுப் போயிடறோம்" என்றாள்.

"வேணாம்மா" என்றார் சார். "இன்னைக்கு நீங்க தூக்கிட்டுப் போவீங்க. தூக்குனவங்க காட்டுன எடத்துல கல்லு நட்டான்னு நாளைக்கு வக்கீல் சொல்லுவாரு. நானேதான் வரணும்."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். தெருவுக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் வைக்கோல், பழைய கூரையிலிருந்து பிரித்த கீற்று, ஒருத்தி தன் வீட்டுக் கதவுப் படலையே கழற்றிக்கொண்டு வந்தாள். காரியக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மிரட்டினார். "ஏ அஞ்சலை, நாளைக்கு நடவுக்கு யாரோட வயல்ல எறங்குவே?"

"நாளைக்கு நடவு இல்லீங்க. இது கோடை" என்றாள் அவள், கீற்றைச் சேற்றில் போட்டபடியே.

சார் வண்டியைக் கிளப்பினார். அந்தச் சேற்றில் கிளட்ச் படாரென்று சேர்ந்திருந்தால் சக்கரம் அங்கேயே குழி பறித்திருக்கும். அது மெல்லச் சேர்ந்தது. வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் பின்சக்கரம் சுழன்று வழுக்கியது. என் கை மடியிலிருந்து எழுந்துவிட்டது; மறுபடி வைத்துக்கொண்டேன். சார் ஆக்ஸிலேட்டரை விட்டார், காத்திருந்தார், மறுபடி கொடுத்தார். அந்தப் பக்கம் காய்ந்த தரையில் ஏறியதும் யாரும் கைதட்டவில்லை. பின்னால் நடந்து வந்த சாரின் செயின்மேன்கள் காரிலிருந்து அளவுச் சங்கிலியை இறக்கி வேலையை ஆரம்பித்தார்கள்.

ஆறு நாள் அளந்தோம். அவர்கள் சங்கிலி பிடித்து நடக்க, காலடியில் அறுத்த நெல் தாள் நறநறக்க, சார் கூடவே வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, கதவைத் திறந்து, நோட்டுப் புத்தகத்தில் வரைந்தார். வரப்பு குறுக்கிட்டால் இருபுறமும் வைக்கோல் கட்டுகளைப் போட்டு ஏறி இறங்கினோம். அந்த ஆறு நாளில் தன்னை அடித்த இடத்தையும் கடந்தார். அது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இங்கதான்" என்றார். நிறுத்தவில்லை.

கடைசி நாள் மகஜர் எழுத வேண்டும். இன்னின்ன இடத்தில் கல் நட்டோம் என்பதற்குச் சாட்சிக் கையெழுத்து. மிராசுதார் பக்கம் யாரும் போட மறுத்துவிட்டார்கள். அஞ்சலை கைநாட்டு வைத்தாள். தெருவில் பலர் வைத்தார்கள். ஆனால் நிலம் வாங்கப் போகிறவர்களே சாட்சி என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவார்கள். வெளியூர் ஆள் ஒருவர் வேண்டும். சார் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"குடுங்க சார்" என்றேன்.

"யோசிச்சுக்குங்கம்மா. கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும். நீங்க இந்த ரோட்டுலதான் தெனம் வண்டி ஓட்டணும்."

"பாத்ததைத்தானே எழுதறேன்."

பெயர், தகப்பனார் பெயர், ஊர் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் என் பெயருக்கு எதிரே ஒன்றுமே எழுதாமல் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். 'டிரைவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சார் சொன்னபடியே நடந்தது. ஒன்றரை வருடம் கழித்து, மிராசுதார் அந்த அளவை எதிர்த்துப் போட்ட வழக்கில் விசாரணைக்கு அழைத்தார்கள். இடையில் ஒரு நாள் யாரோ பட்டறைக் கூரையில் கல் எறிந்தார்கள். உடைந்த ஓடுகளைப் பாய் தானே ஏறி மாற்றினார். "நீ போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

விசாரணை அதிகாரி வயதானவர், பேச்சு குறைவு. மிராசுதாரின் வக்கீல் என்னிடம் வந்தார்.

"டிரைவர்னு எழுதியிருக்கீங்க. உங்க வலது கால் எப்படி?"

"ரெண்டு வயசுலேர்ந்து சூம்பின கால்."

"அப்ப பிரேக் எந்தக் காலால போடுவீங்க?"

"கையால."

பின்னால் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். "சர்வேயரும் கையாலதானே? கால் இல்லாத ரெண்டு பேர் சேந்து சேத்துலயும் வரப்புலயும் சுத்திச் சுத்தி பதினோரு நம்பரை அளந்துட்டீங்க. அதை மன்றம் நம்பணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பாயிடம் வேலை பார்த்தவளுக்குக் கோபத்தைக் குரலில் காட்டத் தெரியாது. அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: "அந்த வண்டி வாசல்ல நிக்குதுங்க ஐயா. ஊர் இங்கேருந்து பக்கம்தான். ஐயா வந்தா நான் ஏத்திக்கிட்டுப் போயி ஒவ்வொரு கல்லா காட்டறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படியும் நான் இடத்தைப் பாக்கணும்" என்றார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, "நீங்களும் ஏறுங்க" என்றார்.

சவுரிராஜன் சார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே இருந்துவிட்டார். அதிகாரி முன்னால், வக்கீல் பின்னால். வண்டியை எடுத்தேன். மூன்று விரலை மடக்க வேண்டிய அவசியம் அன்று இல்லை. ஆனாலும் என் கை அந்த வெண்கலப் பிடியில் தானாக அப்படித்தான் போய் உட்கார்ந்தது. வாய்க்கால் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. பிரேக் தண்டைத் தள்ளினேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பின்னாலிருந்து வக்கீல், "மெதுவா போங்கம்மா" என்றார். அதற்குப்பின் அவர் என் காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பதினோரு நம்பரையும் சுற்றினோம். இரண்டு கல்லைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். குழி அப்படியே இருந்தது. அதிகாரி ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஏறினார். அஞ்சலையும் தெருக்காரர்களும் தூரத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு சரி என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு, தடை என்று இன்னும் சில வருடம் இழுத்தடித்தார்கள். கடைசியில் அஞ்சலை தெருவுக்குப் பட்டா கிடைத்தது. கேட்ட எல்லோருக்கும் இல்லை, பாதிப் பேருக்கு. சவுரிராஜன் சார் ஓய்வு பெறும்வரை அந்த வண்டியில்தான் வயலுக்குப் போனார். பாய் காலமானபின், வெளிநாட்டில் இருந்த அவர் பிள்ளைகள் பட்டறையை என் பொறுப்பில் விட்டார்கள். போன வருடம் வரை நடத்தினேன்.

அந்த விசாரணைக் கட்டில் அதிகாரி எழுதிய ஸ்தலப் பார்வைக் குறிப்பின் நகல் ஒன்றை சார் எனக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கம்தான். என்றைக்குப் போனார், எந்தெந்தக் கல்லைப் பார்த்தார், எங்கே கல் இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறார். முதல் வரியில், டிரைவர் மங்கையர்க்கரசி ஓட்டிய காரில் சென்றேன் என்று இருக்கிறது. பக்கம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். என் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.